‘ஜெனசிஸ்’ என்றால் ஆரம்பம் என்று மட்டுமா பொருள்?



ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம், வேதத்தின் முதல் புத்தகம் எது என்று கேட்டுப்பாருங்கள். ‘ஆதியாகமம்’ என்று சொல்லத் தடுமாறுகிறவர்களும் ‘ஜெனசிஸ்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டால், ‘ஆரம்பம்’ என்பார்கள். ஓய்வுநாள் பள்ளியில் அப்படித்தான் கற்பிக்கிறோம். பிரசங்க பீடத்திலும் அப்படித்தான் சொல்லுகிறோம். ஆங்கில அகராதியும் அதை மறுக்காது. ஆனாலும் அந்தச் சொல் பிறந்த கிரேக்க மொழியில் அதன் பொருள் இன்னும் சற்று ஆழமாகப் போகிறது. அது பிறப்பைப் பேசுகிறது; யாரிடத்திலிருந்து யார் வந்தார் என்பதைப் பேசுகிறது. ஆரம்பத்தை ஒருவன் தானே செய்துகொள்ளலாம். ஒரு பெட்டியோடு இந்த நகரத்து ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய நாளையே நம்மில் அநேகர் நம்முடைய ஆரம்பமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிறப்பை ஒருவனும் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது.

முதலாவது, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம். எபிரெயர் இந்தப் புத்தகத்தை ‘பெரேஷீத்’ என்று அழைக்கிறார்கள். ‘ஆதியிலே’ என்பது அதன் பொருள். புத்தகத்தின் முதல் வார்த்தையும் அதுவே. பாமாலைப் பாட்டுகளை முதல் அடியைச் சொல்லி நாம் அடையாளம் காட்டுவதுபோல, அவர்கள் மோசேயின் ஐந்து புத்தகங்களையும் தொடக்க வார்த்தைகளைக்கொண்டே அழைத்தார்கள். நமது தமிழ்ப் பெயரிலுள்ள ‘ஆதி’யும் எபிரெயப் பெயருக்கே நெருக்கமானது. ‘ஆகமம்’ என்பதோ சைவர்களும் வைணவர்களும் தங்கள் நூல்களுக்கு வழங்கிய பழைய சொல். வழிவழியாய் வந்த உபதேசம் என்ற கருத்துடையது. 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் ‘தொடக்க நூல்’ என்று பெயரிட்டிருப்பதும் ‘ஆதி’ என்ற அதே கருத்தைத்தான் பின்பற்றுகிறது.

இந்த ‘ஆதியிலே’ என்ற வார்த்தைக்குக் கிரேக்கத்தில் ‘என் ஆர்கே’ என்று சொல்லுவார்கள். கிரேக்கப் பழைய ஏற்பாடு அப்படித்தான் தொடங்குகிறது. யோவான் சுவிசேஷமும் அதே இரண்டு வார்த்தைகளால்தான் தொடங்குகிறது. அப்படியானால் கவனியுங்கள்: தொடக்கம் என்று பெயரிடுவதே நோக்கமாயிருந்தால், கிரேக்கர் ‘ஆர்கே’ என்று பெயரிட்டிருக்கலாம். அந்தச் சொல் முதல் வசனத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு ‘கெநெசிஸ்’ என்ற வேறொரு சொல்லை எடுத்தார்கள். ஏன்?

பெயரிட்டவர்கள் யார் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்திலுள்ள அலெக்சந்திரியா பட்டணத்தில் யூதர் திரளாய்க் குடியேறியிருந்தார்கள். அங்கே பேச்சும் வியாபாரமும் கிரேக்க மொழியில் நடந்தன. இரண்டொரு தலைமுறைக்குள் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் தாய்மொழிபோல் ஆயிற்று, எபிரெயம் அந்நியமாயிற்று. அந்தக் காலத்தில்தான் மோசேயின் புத்தகங்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. இரண்டாம் தாலமி ராஜா தன் புத்தகசாலைக்காக எருசலேமிலிருந்து 72 மூப்பரை வரவழைத்தான் என்று அரிஸ்தேயாவின் நிருபம் என்னும் பழைய எழுத்து சொல்லுகிறது. ‘செப்துவஜிந்த்’, அதாவது எழுபது என்ற பெயர் அதனால் வந்தது. ராஜாவின் ஆசை ஒருபுறம் இருக்கட்டும். வீட்டிலும் ஜெபஆலயத்திலும் வேதம் வாசிக்கப்படும்போது விளங்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தேவையே இதற்கு முக்கிய காரணம் என்று வேத பண்டிதர் பலர் கருதுகிறார்கள். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியிருந்து, பிள்ளைக்குத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வரவில்லையே என்று வருத்தப்படும் பெற்றோருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஜெனசிஸ்’ என்ற பெயரை உலகத்திற்குத் தந்தவர்கள், ஊரைவிட்டு வந்து பிழைத்தவர்களின் வீட்டார்.

அந்தப் பெயரை அவர்கள் புத்தகத்தின் உள்ளேயிருந்தே எடுத்தார்கள். ஆதியாகமம் 2:4-ல் வானமும் பூமியும் உண்டானதைப் பற்றிய ஒரு தலைப்பு வருகிறது. அங்கே எபிரெயத்தில் ‘தோலெதோத்’ என்ற சொல் இருக்கிறது. ‘யாலத்’, அதாவது பிள்ளை பெறுதல், என்னும் வினையிலிருந்து வந்த சொல் அது. பெறப்பட்டவை, சந்ததிகள், அவர்களுடைய வரலாறு என்று பொருள்படும். அதைக் கிரேக்கர் ‘கெநெசிஸ்’ என்று பெயர்த்தார்கள். அதுமாத்திரமல்ல, எபிரெயத்தில் அவ்விடத்தில் இல்லாத ‘புத்தகம்’ என்ற சொல்லையும் சேர்த்து, ‘பிப்லோஸ் கெநெஸெயோஸ்’, கெநெசிஸின் புத்தகம், என்று எழுதினார்கள். முதல் நூற்றாண்டில் அதே அலெக்சந்திரியாவில் வாழ்ந்த யூத ஞானி பிலோ, உலகம் உண்டான வரலாற்றைக்கொண்டு இப்புத்தகம் அப்பெயர் பெற்றது என்று எழுதிவைத்திருக்கிறார். பின்பு லத்தீன் வேதாகமம் அந்தப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டது. லத்தீன் வழியாய் அது ஆங்கிலத்திற்குப் போயிற்று.

இனி சொல்லின் வேருக்கு வருவோம். ‘கெநெசிஸ்’ என்பது ‘கிநோமாய்’ என்ற வினையோடு சேர்ந்தது. பிறத்தல், உண்டாதல், ஆகுதல் என்று அதற்கு அர்த்தம். 1786-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்று பேசினார். அதன்பின் மொழியறிஞர் ஆராய்ந்து கண்ட பொதுவான வேர்களில் மிகவும் தெளிவானவற்றுள் இதுவும் ஒன்று. கிரேக்கத்தில் ‘கென்’ என்று நிற்பது சமஸ்கிருதத்தில் ‘ஜன்’ என்று நிற்கிறது. நமது தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. திருநெல்வேலியில் ஊழியஞ்செய்த கால்டுவெல் ஐயர் 1856-ல் வெளியிட்ட இலக்கணம் அதை நன்றாய் விளக்கிக் காட்டுகிறது. பெறு, பெற்றோர், பேறு என்பவை நம்முடைய சொந்தச் சொற்கள். ஆனால் கடனாய் வந்த சொற்களைப் பாருங்கள்: ஜனனம், ஜென்மம், ஜனம், ஜந்து, பிரஜை, ஜாதகம். ‘பங்கஜம்’ என்று பெயரிட்ட பாட்டிமார் நம் ஊரில் உண்டு; சேற்றில் பிறந்த தாமரை என்று பொருள். அதன் கடைசியிலுள்ள ‘ஜ’வும் இந்த வேரைச் சேர்ந்ததே. ஆகவே ‘ஜெனசிஸ்’ என்று உங்கள் மகன் சொல்லும்போதும், ‘ஜென்மம்’ என்று உங்கள் தாயார் சொல்லும்போதும், இருவர் வாயிலும் ஒரே பழைய வேர் பேசுகிறது.

பள்ளிப் பாடத்திலும் இது உண்டு. பிள்ளைகள் விஞ்ஞானத்தில் படிக்கும் ‘ஹைட்ரஜன்’ என்பது தண்ணீரைப் பிறப்பிப்பது என்ற பொருளில் 1787-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வைத்த பெயர். பெற்றோரின் சாயலைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் அணுக்கூறுக்கு ‘ஜீன்’ என்று 1909-ல் பெயரிட்டவர் டென்மார்க் தேசத்துத் தாவரவியல் அறிஞர் யோஹான்சன். ‘ஜெனரேஷன்’ என்று தலைமுறையைச் சொல்லும் சொல்லும், உறவினரைக் குறிக்கும் ‘கின்’ என்ற சிறிய ஆங்கிலச் சொல்லும்கூட இக்குடும்பத்தின் பிள்ளைகளே.

இப்போது புத்தகத்திற்குத் திரும்புவோம். ‘தோலெதோத்’ என்னும் தலைப்பு ஆதியாகமத்தில் பதினொரு இடங்களில் வருகிறது. நமது வேதாகமத்தில் அது பெரும்பாலும் ‘வரலாறு’ என்றும் ‘வம்சவரலாறு’ என்றும் இருக்கும். அடுத்தமுறை வாசிக்கும்போது அந்த இடங்களில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். புத்தகத்தின் எலும்புக்கூடு தெரியும். வானமும் பூமியும், ஆதாம், நோவா, நோவாவின் குமாரர், சேம், தேராகு, இஸ்மவேல், ஈசாக்கு, ஏசா, யாக்கோபு. இவர்களில் ஏசாவுக்கு மட்டும் இரண்டுதரம். வாக்குத்தத்தத்தின் வழியில் வராத இஸ்மவேலுக்கும் ஏசாவுக்கும் தனித்தனித் தலைப்பு கொடுத்து, அவர்கள் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிவைத்திருப்பதை நான் எப்போதும் வியப்போடு கவனிப்பதுண்டு. நம்மில் யாராவது குடும்ப வரலாறு எழுதினால், பிரிந்துபோன சித்தப்பா வீட்டாருக்கு அத்தனை இடம் கொடுப்போமா என்பது சந்தேகமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆபிரகாமின் பெயரில் அப்படிப்பட்ட தலைப்பே இல்லை. விசுவாசிகளின் தகப்பன் என்று சொல்லப்படுகிறவருக்கு இல்லை! அவருடைய சரித்திரம் முழுவதும் ‘தேராகின் வம்சவரலாறு’ என்ற தலைப்பின்கீழ் அடங்குகிறது (ஆதி. 11:27). அப்படியே ஈசாக்கின் தலைப்பின்கீழ் யாக்கோபின் கதை வருகிறது. யாக்கோபின் தலைப்பின்கீழ் யோசேப்பின் கதை வருகிறது. அதாவது, ஒரு மனுஷனுடைய ‘கெநெசிஸ்’ என்பது அவனிடத்திலிருந்து வந்தவர்களின் வரலாறு. ‘ஆரம்பம்’ என்ற ஒரே அர்த்தத்தை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது.

தேராகு யார்? கல்தேயரின் ஊர் என்னும் பட்டணத்தைவிட்டு, மகனையும் மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு கானானுக்குப் புறப்பட்டவர். போய்ச் சேரவில்லை. நடுவழியில் ஆரானில் தங்கி, 205 வயதில் அங்கேயே மரித்தார். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அநேகமாய் அவ்வளவுதான். ஆனாலும் பன்னிரண்டு அதிகாரங்களுக்கு மேல் அவருடைய பெயரின்கீழ் நடக்கிறது. ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டிலேயே வயதாகி, நினைத்த இடத்திற்குப் போய்ச் சேராமல் நகரத்துக் கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்ட நம் மூத்தோரை நான் இந்தத் தேராகின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவர்களுடைய பெயரையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? தாத்தாவின் தாத்தா பெயரை அறிந்த பிள்ளைகள் நம் சபையில் எத்தனைபேர்?

இங்கேதான் ஒரு கடினமான காரியத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளை வளர்ந்து, “அப்பா, நாம் யார்? நம்முடைய ஜனம் எது?” என்று கேட்கும்போது, முன்னோர் பெயரைச் சொல்லாத நாம் ஒரு ஜாதியின் பெயரை மட்டும் மறக்காமல் சொல்லிக்கொடுக்கிறோம். வருடத்திற்கு ஒருமுறைகூட ஊருக்குப் போகாதவர்கள், தமிழே பேசாத பிள்ளைக்கு வரன் தேடும்போது, கிறிஸ்தவப் பத்திரிகையின் விளம்பரத்தில் முதல் வரியிலேயே அதைப் போடுகிறார்கள். அபிஷேகம் பெற்றவர், ஞானஸ்நானம் எடுத்தவர் என்ற தகுதிகள் அதற்கு அடுத்த வரியில் வரும். முப்பது வருட ஊழியத்தில் நான் நடத்திவைத்த கலியாணங்களைவிட, இந்த ஒரு வரியால் நின்றுபோன கலியாணப் பேச்சுகளே என்னை அதிகம் வருத்தியிருக்கின்றன.

‘ஜாதி’ என்பதும் அதே ‘ஜன்’ வேரில் வந்த சொல்லே. பிறப்பு என்பதே அதன் முதற்பொருள். ஒரு வேரிலிருந்து கனியும் வரும், முள்ளும் வரும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். நம் வேதாகமத்தில் ‘ஜாதிகள்’, ‘புறஜாதியார்’ என்று வருவது தேசத்தாரைக் குறிக்கும். பள்ளிச் சான்றிதழில் எழுதப்படும் ஜாதியை அல்ல. அதைக் காட்டி இதை நியாயப்படுத்துகிறவர்களும் உண்டு. மொழியறியாமையால் வந்த விபரீதம் அது.

ஆதியாகமம் 5:1-ஐக் கிரேக்கத்தில் வாசித்தால் காரியம் விளங்கும். எபிரெயத்தில் ‘ஆதாம்’ என்பது ஒருவருடைய பெயர். மனுஷன் என்ற பொதுச்சொல்லும் அதுவே. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் பொதுச்சொல்லை எடுத்து, மனுஷருடைய கெநெசிஸின் புத்தகம் என்றே எழுதினார்கள். ஒரு குலத்தாருடையது அல்ல, மனுஷருடையது. பத்தாம் அதிகாரத்தில் யூதர் மரபாய் எண்ணும் எழுபது ஜாதிகளும் நோவா என்ற ஒரே வீட்டிலிருந்து புறப்படுகின்றன. ஏறக்குறைய கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட யூதருடைய மிஷ்னா, தேவன் ஏன் ஒரே மனுஷனை முதலில் உண்டாக்கினார் என்று கேட்டு, என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன் என்று ஒருவனும் சொல்லாதபடிக்கே என்று அதற்குக் காரணம் காட்டுகிறது. பவுல் அத்தேனேயில் பேசும்போதும் இந்தச் சத்தியத்தையே எடுக்கிறார்; அவ்விடத்தில் நம் தமிழ் வேதாகமம் ‘மனுஷஜாதி’ என்ற அருமையான சொல்லை வைத்திருக்கிறது (அப். 17:26). இரண்டு வசனங்கள் கழித்து, நாம் தேவனுடைய சந்ததி என்று சொல்லக் கிரேக்கக் கவிஞர் ஒருவரின் வரியைப் பவுல் துணைக்கு அழைக்கிறார். அவர் ஆராத்தூஸ், பவுலைப்போலவே சிலிசியா நாட்டார். சந்ததி என்பதற்கு அங்கே உள்ள கிரேக்கச் சொல் ‘கெனோஸ்’. கெநெசிஸின் உடன்பிறப்பு அது. விஞ்ஞானத்தைக் கேட்டாலும், 2003-ல் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்ட மனித ஜீனோம் ஆராய்ச்சியின்படி எந்த இரண்டு மனிதருக்கும் ஏறக்குறைய 99.9 சதவீதம் ஒன்றாகவே இருக்கிறது.

புதிய ஏற்பாட்டின் முதல் வரி என்ன? மத்தேயு தம் சுவிசேஷத்தை ‘பிப்லோஸ் கெநெஸெயோஸ்’ என்ற அதே இரண்டு வார்த்தைகளால் தொடங்குகிறார். கிரேக்க வேதத்தை அறிந்த யூதர் காதில் ஆதியாகமத்தின் மணி ஒலித்திருக்கும். ஆனால் ‘பெற்றான், பெற்றான்’ என்று வரும் அந்தப் பட்டியலை நாம் வேகமாய்த் தாண்டிவிடுகிறோம். தாண்டாதேயுங்கள். தாமாரும், எரிகோவின் ராகாபும், மோவாபிய ரூத்தும், உரியாவின் மனைவியாயிருந்தவளும் அதில் நிற்கிறார்கள். பெண் தேடும் நம் வீடுகளில் இந்த நால்வரில் யாருடைய ஜாதகம் முதல் சுற்றைத் தாண்டும்? மேசியாவின் வம்சவரலாறு இவர்களை மறைக்காமல் நிறுத்துகிறது.

கிரேக்கம் படிக்கும் மாணவருக்காக இங்கே ஒரு சிறு குறிப்பு. மத்தேயு 1:18-ல் பழைய கையெழுத்துப் பிரதிகளில் ‘கெநெசிஸ்’ என்றும், பிற்காலப் பிரதிகள் பெரும்பாலானவற்றில் ‘கென்னெசிஸ்’ என்றும் இருக்கும். ஒரு எழுத்து அதிகம். இரண்டாவது சொல்லுக்குப் பெற்றெடுத்தல் என்று நேரான பொருள். நம் வேதாகமம் அங்கே ‘ஜெநநம்’ என்கிறது. இரண்டும் ஒலியிலும் பொருளிலும் நெருங்கியவையாதலால் உபதேசத்தில் ஒரு வித்தியாசமும் வராது, பயப்பட வேண்டாம்.

நம் சபைகளில் அதிகம் கேட்கிற ஒரு சத்தியத்திலும் இச்சொல் மறைந்திருக்கிறது. ‘பலின்’ என்றால் மறுபடியும். அதோடு கெநெசிஸைச் சேர்த்தால் ‘பலிங்கெநெசியா’. புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது: மத்தேயு 19:28, தீத்து 3:5. இரண்டு இடங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘மறுஜென்மம்’ என்ற சொல்லை எடுத்தார்கள். கிரேக்கத்தில் கென் என்ற வேர் இருந்த இடத்தில் தமிழில் அதே வேரின் ‘ஜென்மம்’ வந்து அமர்ந்திருக்கிறது! திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, இதைவிடப் பொருத்தமாய் மொழிபெயர்க்க முடியாது. முந்தின பிறவி, அடுத்த பிறவி என்று நம் தேசத்தார் சொல்லும் பொருளில் அல்ல. இந்த ஒரே ஜீவியத்தில் மேலிருந்து கிடைக்கும் பிறப்பு அது.

நம் தேசத்தில் ‘துவிஜர்’, இருமுறை பிறந்தவர் என்ற பட்டமும் உண்டு. முதல் பிறப்பு எந்த வீட்டில் என்று பார்த்தே அந்த இரண்டாம் பிறப்பு சிலருக்குக் கொடுக்கப்பட்டது, மற்றவர்களுக்கு மறுக்கப்பட்டது. பவுல் மறுஜென்மத்தைப் பற்றி யாருக்கு எழுதுகிறார்? கிரேத்தா தீவிலிருந்த தீத்துவுக்கு, விருத்தசேதனமில்லாத கிரேக்கனுக்கு. முதல் பிறப்பைப் பற்றிய கேள்வியே அங்கே எழவில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் அந்த மறுஜென்மத்தைச் சாட்சியாய் அறிக்கையிட்டுவிட்டு, விளம்பரத்தில் பழைய ஜென்மத்தின் பெயரைப் போடுகிறவர்கள் தீத்து 3-ஆம் அதிகாரத்தை எப்படித்தான் வாசிக்கிறார்களோ!

யாக்கோபின் நிருபத்திலும் ‘கெநெசிஸ்’ இரண்டுதரம் வருகிறது. கண்ணாடியில் ஒருவன் பார்க்கும் சுபாவ முகம், மூலமொழியில் ‘பிறப்பின் முகம்’ (யாக். 1:23). நாவு கொளுத்திவிடுகிறது என்று அவர் சொல்லும் ஆயுள் சக்கரம், மூலமொழியில் ‘கெநெசிஸின் சக்கரம்’ (யாக். 3:6). சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டு விசுவாசியின் பிறப்பைப் பற்றி நாம் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு வார்த்தை போதும், சக்கரம் பற்றிக்கொள்ள. அந்தப் பிள்ளை தாத்தாவின் பெயரை அறியாது; ஆனால் அந்த வார்த்தையை அறியும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, உங்களுக்குத் தெரிந்தமட்டும் பாட்டன், பாட்டி, பூட்டன் பெயர்களை எழுதுங்கள். யார் எந்த ஊரில் இருந்தார்கள், யார் முதலாவது இரட்சிக்கப்பட்டார்கள், யார் எந்த ரயிலில் இந்த நகரத்திற்கு வந்தார்கள் என்று எழுதுங்கள். பாட்டிமார் பெயர்களை விட்டுவிடாதேயுங்கள், மத்தேயு விடவில்லை. பிரிந்துபோன உறவினருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், மோசே ஒதுக்கினார். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்காக அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினாலும் குற்றமில்லை. அலெக்சந்திரியாவில் அப்படித்தான் செய்தார்கள்.

அடுத்த மாதம் ‘எக்ஸோடஸ்’ என்ற சொல்லைப் பார்ப்போம். ‘வெளியே’ என்ற சொல்லும் ‘வழி’ என்ற சொல்லும் சேர்ந்த கிரேக்கப் பெயர் அது. லூக்கா 9:31-ல் மறுரூப மலையின்மேல் நடந்த சம்பாஷணையில் அதே சொல் ஓர் எதிர்பாராத அர்த்தத்தில் வருகிறது; அதற்குள் வாசித்து வையுங்கள்.